நண்பர் வாழ்வில் பிடிப்பில்லை என்கிறார்: பாவமா, உரிமையா என்று வாதிடலாமா?

வந்த கேள்வி இது: "என் நெருங்கிய நண்பர் சில மாதங்களாக 'இருந்து என்ன ஆகப்போகுது' என்றே பேசுகிறார். நான் கடவுள் நம்பிக்கை உள்ளவன், தற்கொலை பாவம் என்று நம்புகிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவான இன்னொரு நண்பரோ, அது அவரவர் உரிமை, தலையிட நாம் யார் என்கிறார். எங்களில் யார் சரி? நான் அவரிடம் என்ன பேச வேண்டும்?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதுதான் அவசரம் என்பதால் அதற்கான பதிலைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றே அவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். எப்படி, எப்போது என்று ஏதாவது திட்டம் வைத்திருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள், உடனே மருத்துவ உதவி தேடுங்கள். பாவமா உரிமையா என்ற வாதத்தை அங்கே எடுக்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

முதல் கேள்விக்கு மனிதகுலம் ஒருபோதும் ஒரே குரலில் பதில் சொன்னதில்லை. பிளேட்டோ காட்டும் சாக்ரடீஸ், நாம் தெய்வங்களின் உடைமை, அவர்கள் விடுவிக்கும் முன் கிளம்பக் கூடாது என்கிறார். அதே பிளேட்டோ முதுமையில் ஒரு நாட்டுக்கான சட்டங்களைப் பற்றி எழுதும்போது, தப்பிக்க வழியில்லாத துயரத்தில் சிக்கியவர்களுக்கு விலக்குக் கொடுக்கிறார். அரிஸ்டாட்டிலோ, ஒருவர் தனக்குத்தானே அநீதி செய்துகொள்ள முடியாது, இது அவர் வாழும் சமூகத்துக்குச் செய்யும் அநீதி என்று கணக்குப் போட்டார். துன்பத்தில் கலங்காதிருக்கக் கற்பித்த ஸ்டோயிக் தத்துவவாதிகள் சில நிலைமைகளில் அனுமதித்தார்கள்.

அந்த ஸ்டோயிக்குகளில் பெரிய பெயர் செனெகா. மரணத்தை அஞ்சாதவர் என்றுதான் அவரைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அவர் தன் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் வேறொரு விஷயம் இருக்கிறது. இளமையில் தீராத நோயால் உடல் மெலிந்துபோய், வாழ்வை முடித்துக்கொள்ளலாம் என்று பலமுறை நினைத்ததாகவும், தன்மேல் உயிரையே வைத்திருந்த வயதான தந்தையின் நினைவு தடுத்ததாகவும் எழுதுகிறார். தன்னால் துணிவாகச் சாக முடியும், ஆனால் பிரிவைத் துணிவாகத் தாங்க அவரால் முடியாது என்று யோசித்தாராம். சில நேரங்களில் வாழ்வதே துணிச்சலான செயல் என்றும் சொல்கிறார். நண்பர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதும் தூக்கமில்லாத இரவுகளில் உடனிருந்ததும் குணமாக உதவின என்றும் அதே கடிதத்தில் வருகிறது. அவருடைய தத்துவம் கதவைத் திறந்தே வைத்திருந்தது. ஆனாலும் அவரை உள்ளே இருத்தியது தந்தையும் நண்பர்களும்தான். இந்தக் கேள்வியைப் பற்றி நான் படித்ததில் என்னை மிகவும் யோசிக்க வைத்த பக்கங்கள் இவை.

கிறிஸ்தவத்தின் தடைக்கு இருக்கும் வரலாறும் பலர் நினைப்பதுபோல் இல்லை. 410ல் விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தார் ரோமைச் சூறையாடியபோது பல பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். மானம் போனபின் உயிரோடிருக்கக் கூடாது என்பது பழைய ரோமானிய எண்ணம். லுக்ரீஷியா என்ற பெண் அப்படி இறந்ததைத் தலைமுறை தலைமுறையாகப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். இறக்காமல் வாழ்ந்த கிறிஸ்தவப் பெண்களைப் பார்த்து, இவர்கள் ஏன் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்ற ஏளனம் எழுந்தது. அப்போது கிறிஸ்தவ ஆயர் அகஸ்டின் எழுதியதன் சாரம்: குற்றம் செய்தவன் வேறு ஒருவன், உங்கள் மனம் கறைபடவில்லை, செய்யாத குற்றத்துக்கு உங்களை நீங்களே ஏன் தண்டிக்க வேண்டும்? 'கொலை செய்யாதே' என்ற கட்டளை தன்னையும் சேர்த்துத்தான் என்ற வாதத்தை அவர் வைத்த இடம் இது. உயிர் பிழைத்த பெண்களுக்கு ஆறுதலாகவும் அரணாகவும் சொன்ன சொல், பின்வந்த நூற்றாண்டுகளில் இறந்தவரின் உடலைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடாத சட்டமாக மாறியது. இங்கிலாந்தில் நாற்சந்தியில் புதைத்தார்கள். அந்த வழக்கத்தை 1823ல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இறந்தவரின் உடைமைகளை அரசு பறிமுதல் செய்யும் விதி 1870 வரை இருந்தது. அதாவது, தண்டனை முழுவதும் விதவையின் தலையிலும் குழந்தைகளின் தலையிலும் விழுந்தது.

நம் மரபிலும் இந்த இரண்டு முகங்களும் உண்டு. மயிர் நீத்தால் வாழாத கவரிமாவை மானத்துக்கு உவமையாக்கிய வள்ளுவரே, இடுக்கண் அழியாமை என்று ஒரு முழு அதிகாரத்தைத் துன்பத்தில் உடையாமல் இருப்பதற்காக எழுதியிருக்கிறார். புறநானூற்றில் வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனைப் புலவர்கள் பாடினார்கள். அந்தக் காலத்து வீர அறத்தை அந்தக் காலத்தோடு வைத்துப் படிப்பதுதான் சரி. இன்றைக்கு ஒருவர் கடனாலோ அவமானத்தாலோ இறந்தால் 'மானஸ்தன்' என்று பாராட்டுவது, அதே நிலையில் இருக்கும் அடுத்தவருக்கு வழிகாட்டுவதாக முடியும். இன்னொன்று, போகிற போக்கில்: 'இடுக்கண் வருங்கால் நகுக' என்பது அருமையான குறள்தான், ஆனால் மனமுடைந்து கிடப்பவரிடம் மட்டும் அதை ஒப்பிக்காதீர்கள்.

இஸ்லாத்தில் தடை தெளிவானது. குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 29ஆம் வசனம் உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்கிறது. அதே மூச்சில், இறைவன் உங்கள்மீது கருணை உள்ளவன் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள்தான் அதிகம். நோயின் வேதனை தாங்காமல் தன் உயிருக்குத் தானே முடிவு தேடிக்கொண்ட ஒரு தோழருக்காக நபிகள் மன்னிப்பு வேண்டிப் பிரார்த்தித்ததாக நபிமொழித் தொகுப்பான ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. யூத மரபிலும் தடை கடுமையானது. நடைமுறையிலோ, இறந்தவர் சுயநினைவோடு, சுதந்திரமாக முடிவெடுக்கவில்லை என்று கருத ரபிகள் ஏதாவது காரணம் தேடி, முறையான அடக்கத்துக்கு வழி செய்தார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல், கடுமையான மனக்கலக்கமும் அச்சமும் துன்பமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. இறந்தவரின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. இராமாயணத்தில் இலங்கை முழுக்கத் தேடியும் சீதையைக் காணாத அனுமன், வெறுங்கையோடு திரும்புவதைவிடச் சாவதே மேல் என்ற எண்ணத்துக்குப் போய்விடுகிறார். அப்புறம், சாவதால் வரும் கேடுகள் பல, உயிரோடு இருப்பவனே நன்மையைக் காண்பான் என்று தானே யோசித்து மீள்கிறார். அவ்வளவு பலசாலிக்கும் அப்படி ஒரு இரவு வந்ததாக வான்மீகி எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கும். பௌத்தத் துறவிகளின் விதியோ இன்னும் நுட்பமானது. ஒரு துறவி இன்னொருவரிடம் மரணத்தைப் புகழ்ந்து பேசி, அதைக் கேட்டு அவர் உயிரை விட்டால், பேசிய துறவி தன் துறவையே இழக்கிறார். உணவைப் படிப்படியாக விட்டு உயிர் துறக்கும் சமணர்களின் சல்லேகனை தனி வழக்கு. அது தற்கொலையே அல்ல, ஆசை அறுக்கும் நோன்பு என்பது அவர்கள் நிலை. 2015ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் அதைக் குற்றம் என்றது, அதே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

உங்களுக்கும் அந்தப் பொது நண்பருக்கும் இடையிலான சண்டையை ஐரோப்பியத் தத்துவத்தில் 18ஆம் நூற்றாண்டின் ஹியூமும் காண்டும் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். ஆற்றின் போக்கை மாற்றுவது கடவுளுக்கு எதிரான செயல் இல்லையென்றால் இதுமட்டும் எப்படி ஆகும் என்று ஹியூம் கேட்டார். அந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுத்த ஹியூமே பயந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் இறந்த பிறகு, 1777ல்தான் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. காண்டோ, துன்பத்திலிருந்து தப்பிக்கும் கருவியாக ஒருவர் தன்னையே பயன்படுத்திக்கொள்வது மனித மாண்புக்கு எதிரானது என்றார்.

சரி, இதில் என் நிலை என்ன என்று கேட்பீர்கள். உரிமை என்று சொல்லும் நண்பர் ஒரு விஷயத்தில் சரி: சட்டம் இதைத் தண்டிக்கக் கூடாது. முயன்று பிழைத்தவரை போலீஸ் விசாரித்த காலத்தில், குடும்பங்கள் விபத்து என்று மறைத்தார்கள், மருத்துவமனைக்குப் போகவே தயங்கினார்கள். இங்கிலாந்து 1961லும், இலங்கை 1998லும், சிங்கப்பூர் 2020லும், மலேசியா 2023லும் இந்தக் குற்றப்பிரிவை எடுத்துவிட்டன. இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும் என்றது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு 2024ல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இடம்பெறவில்லை.

அவர் தவறுவது அடுத்த அடியில். உரிமை என்ற வாதம், யோசித்து, நிதானமாக, மாறாமல் எடுத்த ஒரு முடிவைக் கற்பனை செய்துகொள்கிறது. பெரும்பாலும் நடப்பது அப்படி இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர், ஒரு பாலத்தில் 1937 முதல் 1971 வரை கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேர் பின்னால் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தார். 1978ல் வெளியான அந்த ஆய்வின்படி, சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். முயன்று பிழைத்தவர்களைப் பின்தொடர்ந்த பல ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன: பத்தில் ஒன்பது பேர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. தீர்மானமான முடிவு என்றால் இப்படி நடக்காது. சாகவும் வேண்டும், யாராவது தடுக்கவும் வேண்டும் என்ற இரண்டு எண்ணங்களும் ஒரே மனத்தில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. தற்கொலை பற்றிய ஆய்வுத் துறைக்கு அடித்தளம் போட்ட எட்வின் ஷ்னைட்மன் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான். தாங்க முடியாத மனவலி பார்வையைச் சுருக்கிவிடுகிறது. பத்து வழிகள் இருக்கும் இடத்தில் ஒன்றுதான் தெரிகிறது. அந்த ஒன்றை 'அவரது தேர்வு' என்று மதித்து விலகி நிற்பது மரியாதை ஆகாது.

இலங்கையின் அனுபவத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1990களின் நடுவில் உலகிலேயே மிக அதிகமான தற்கொலை விகிதம் உள்ள நாடுகளில் ஒன்றாக அது இருந்தது. அதிக நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்த பிறகு, இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. அந்த இருபது ஆண்டுகளில் மக்களின் அறநெறி ஒன்றும் தலைகீழாக மாறிவிடவில்லை, துயரமும் குறைந்துவிடவில்லை, 2009 வரை போர்கூட நடந்துகொண்டிருந்தது. ஆபத்தான பொருள் கைக்கு எட்டாமல் போனது, அவ்வளவுதான். அந்த ஒரு மோசமான மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பிழைத்தார்கள்.

(தீராத நோயின் கடைசிக் கட்டத்தில் மருத்துவ உதவியோடு இறக்கும் உரிமை என்பது வேறு விவாதம். நெதர்லாந்து, கனடா போன்ற நாடுகளில் அதற்குத் தனிச் சட்டங்கள், தனி எதிர்ப்புகள் உண்டு. மாற்றுத்திறனாளி அமைப்புகள் பலவும் அதை எதிர்ப்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. உங்கள் நண்பரின் நிலைமைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆகவே அதை இங்கே கலக்கவில்லை.)

இனி உங்கள் பக்கம். பாவம் என்ற நம்பிக்கை பலரைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. மனச்சோர்வு நோயால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களிடம் நடத்தி 2004ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மதத் தொடர்பு உள்ளவர்கள் தற்கொலைக்கு முயன்றது குறைவாக இருந்தது. இது தவறு என்ற அவர்களின் அறநம்பிக்கையும் அதற்கு ஒரு காரணமாகத் தெரிந்தது. இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆனால் கவனியுங்கள், அது அவர்களுடைய சொந்த நம்பிக்கை. 'என் கடவுள் இதை விரும்பமாட்டார்' என்று ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் தனக்குள் சொல்லிக்கொள்வது ஒரு பிடிமானம். அதையே நீங்கள் எதிரில் உட்கார்ந்து 'இது பாவம் தெரியுமா' என்று சொன்னால், ஏற்கெனவே தன்னை மதிப்பற்றவர் என்று நினைப்பவருக்கு இன்னொரு குற்றச்சாட்டு சேர்கிறது. இப்படி நினைத்ததற்கே நான் பாவி என்று எடுத்துக்கொள்வார். அடுத்த முறை அந்த எண்ணம் வரும்போது உங்களிடம் சொல்லமாட்டார். பேச்சு நின்றுபோவதுதான் உண்மையான ஆபத்து.

'குடும்பத்தை நினைச்சுப் பாரு' என்ற வாதத்திலும் இதே சிக்கல்தான். நமக்கு அது மறுக்க முடியாத வாதமாகத் தோன்றும். ஆனால் தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களிடம் மிக அடிக்கடி காணப்படும் நம்பிக்கை, 'நான் எல்லாருக்கும் பாரம், நான் போனால் அவர்களுக்கு நிம்மதி' என்பது. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஜாய்னர் தன் கோட்பாட்டின் மையத்திலேயே இதை வைத்திருக்கிறார். அப்படி நினைப்பவர் காதில் உங்கள் வாதம் தலைகீழாக விழும்: குடும்பத்தை நினைத்துத்தானே இந்த முடிவுக்கே வந்தேன் என்பார், வெளியே சொல்லாவிட்டாலும். செனெகாவைத் தந்தையின் நினைவு தடுத்ததே என்று கேட்கலாம். அந்த நினைவு அவருக்குத் தானாக வந்தது. யாரும் குற்றமாகச் சுமத்தவில்லை. அதனால் வாதத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். 'இவ்வளவு நாள் உன்னைப் பிடிச்சு வச்சிருந்தது எது?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மகள் என்பார், அம்மா என்பார், வளர்க்கும் நாய் என்பார். சிலர் 'சாமிக்குப் பயம்' என்பார்கள். அங்கே உங்கள் நம்பிக்கைக்கும் ஓர் இடம் கிடைக்கும், அவர் வாயால்.

சுயநலம், கோழைத்தனம் என்ற சொற்களைப் பற்றித் தனியாக எழுத ஒன்றுமில்லை. இரண்டுமே தவறான விவரிப்பு, இரண்டுமே வாயை மூடவைக்கும்.

பலருக்கு இருக்கும் பெரிய பயம், நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே தூண்டிவிடுவோமோ என்பது. இதைப் பல ஆய்வுகள் சோதித்துவிட்டன. கேட்பதால் எண்ணம் கூடுவதாகத் தெரியவில்லை. பலருக்குச் சற்று ஆறுதலாகத்தான் இருந்திருக்கிறது. சுற்றி வளைத்து, 'தப்பா ஏதும் யோசிக்கலையே?' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே 'இல்லை' என்ற பதில் இருக்கிறது. 'கொஞ்ச நாளா நீ பேசுறதைக் கேட்டா எனக்குக் கவலையா இருக்கு. செத்துடலாம்னு தோணுதா?' என்று சாதாரணக் குரலில் கேளுங்கள். ஆமாம் என்று சொன்னால் பதறாதீர்கள், உடனே தீர்வு சொல்லவும் வேண்டாம். 'சொன்னதுக்கு நன்றி. எப்போலிருந்து இப்படி இருக்கு?' என்று தொடரலாம். அவர் சொல்வதற்கு நடுவில் மௌனம் விழுந்தால் விழட்டும். உங்கள் சொந்தக் கதையை எடுக்காதீர்கள். கடன், வேலை, பிரிவு என்று காரணம் சொல்வார், 'இதுக்கா?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அவருக்கு இருக்கும் வலிக்கும் காரணத்தின் அளவுக்கும் நேர்க்கணக்கு கிடையாது.

பிறகு, தயங்காமல் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: எப்படி என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் பக்கத்தில் இருக்கிறதா, எப்போது என்று நாள் வைத்திருக்கிறாரா, முன்பு முயன்றிருக்கிறாரா. இவற்றில் எதற்காவது ஆமாம் என்றால் இது நண்பர்கள் மட்டும் சமாளிக்கும் விஷயமில்லை. அந்தப் பொருளை அவர் சம்மதத்தோடு அங்கிருந்து அகற்றுங்கள். கூட ஒருவர் இருக்கட்டும். அன்றே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ கூட்டிப் போங்கள். போய்ப் பார் என்று சொல்லி அனுப்புவது போதாது. 'யாரிடமும் சொல்லாதே' என்று கேட்பார். அந்தச் சத்தியத்தைச் செய்துகொடுக்காதீர்கள். 'ஊருக்கெல்லாம் சொல்லமாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா, உதவக்கூடியவங்ககிட்ட சொல்லத்தான் செய்வேன்' என்று அப்போதே சொல்லிவிடுவது நேர்மை. பல வாரம் தவித்தவர் திடீரென அமைதியாகி, பொருட்களை எடுத்துக் கொடுக்கவோ விடைபெறுவதுபோல் பேசவோ ஆரம்பித்தால், தேறிவிட்டார் என்று நிம்மதி அடையாமல் அன்றைக்கே நேரில் போய்ப் பாருங்கள்.

பேச ஆள் கிடைக்காத நேரத்தில் உதவி எண்கள் இருக்கின்றன. இந்தியாவில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் சமாரிட்டன்ஸ் 116 123, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. அவர் மட்டுமல்ல, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் நீங்களும் அழைக்கலாம். இதைப் படிக்கும் உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், முதலில் அழையுங்கள்.

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் கதை அறத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. சாட் வாரா என்ற ஆங்கிலிகன் பாதிரியார் 1935ல், பணியில் சேர்ந்த புதிதில், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கச் சடங்கை நடத்தினார். முதல் மாதவிடாய் வந்ததைப் பால்வினை நோய் என்று நினைத்து, யாரிடமும் கேட்க முடியாமல் அவள் இறந்திருந்தாள். அது பாதிரியாரின் மனத்தை விட்டுப் போகவே இல்லை. 1953ல் லண்டனில் தன் தேவாலயத்திலிருந்தே தொலைபேசி சேவையைத் தொடங்கினார், அதுதான் சமாரிட்டன்ஸ் ஆனது. சீக்கிரமே அவர் கவனித்த ஒன்று உண்டு. தன்னைப் பார்க்கக் காத்திருந்தவர்கள், தேநீர் கொடுத்து உட்காரவைத்துப் பேச்சுக்குக் காது கொடுத்த தன்னார்வலர்களிடமே மனம்விட்டுப் பேசிவிட்டு, பலர் தன்னைப் பார்க்காமலே தேறிப் போனார்கள். அதனால் கேட்கும் பொறுப்பை அந்தச் சாதாரண மனிதர்களிடமே கொடுத்துவிட்டார். தொடங்கியவர் மதகுரு, ஆனால் அழைப்பவரிடம் மதம் பேசக் கூடாது என்பது அந்த அமைப்பின் விதி. அவர் தன் நம்பிக்கையை விட்டுக்கொடுத்துவிடவில்லை, அதை எந்த இடத்தில் வைப்பது என்று தெரிந்துவைத்திருந்தார். உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் அதுவே.

நெருக்கடி தணிந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. நன்றாக இருக்கும் ஒரு நாளில், இருவருமாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: மோசமாகப் போகிறது என்பதற்கு அவருக்குத் தெரிந்த அறிகுறிகள், அப்போது மனத்தைத் திருப்ப அவரே செய்யக்கூடியவை, போய் உட்காரக்கூடிய இடங்கள், அழைக்கக்கூடிய ஆட்கள், மருத்துவரின் எண், வீட்டில் எதை எட்டாமல் வைப்பது. இதைப் பாதுகாப்புத் திட்டம் என்பார்கள். அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லியும் கிரிகரி பிரவுனும் உருவாக்கியது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களிடம் இந்தத் திட்டத்தை எழுதவைத்து, பின்பு தொலைபேசியிலும் தொடர்ந்து விசாரித்தபோது, அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை முயற்சி போன்ற செயல்கள் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததை 2018ல் வெளியான ஆய்வு காட்டியது. தாளில் அவருடைய சொற்கள்தான் இருக்க வேண்டும், உங்கள் அறிவுரை அல்ல.

மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரங்கள்தான் ஆபத்து மிகுந்தவை. வார்டில் இருக்கும்வரை ஆள் மாற்றி ஆள் வருவார்கள். வீடு திரும்பியதும் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், வெட்கத்தால் அவரும் கதவைச் சாத்திக்கொள்வார். சான்பிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர், டிஸ்சார்ஜ் ஆன பிறகு சிகிச்சையைத் தொடர விரும்பாத 843 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அவ்வப்போது சிறிய கடிதங்கள் அனுப்பினார். நலமா, உங்களை நினைத்துக்கொண்டோம், விரும்பினால் எழுதுங்கள் என்ற அளவில்தான் இருக்கும். அறிவுரை கிடையாது, நிபந்தனை கிடையாது. முதல் இரண்டு ஆண்டுகளில் கடிதம் பெற்றவர்களிடம் தற்கொலை விகிதம் தெளிவாகக் குறைவாக இருந்தது. இன்று அதை வாட்ஸாப்பில் செய்யலாம். 'எப்படி இருக்க?' என்று கேட்டுப் பதிலுக்கு நச்சரிக்காமல், 'உன் நினைப்பு வந்துச்சு, பதில் போட வேண்டாம்' என்று வாரம் ஒரு வரி போதும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒருவருக்கும் சில வார்த்தைகள், ஏனென்றால் இந்தத் தலைப்பைத் தேடி வருபவர்களில் அவர்கள் நிச்சயம் இருப்பார்கள். ஏற்கெனவே ஒருவரை இப்படி இழந்தவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஆண்டுக்கு ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்றால், அதைப்போல் பல மடங்கு பேர் பின்னால் நிற்கிறார்கள். அவர்கள் மனத்தில் 'போனவர் நரகத்திலா?', 'நான் அன்றைக்கு போனை எடுத்திருந்தால்?' என்ற இரண்டு கேள்விகளும் மாறி மாறி ஓடும். முதல் கேள்விக்கு, மேலே சொன்ன மத மரபுகள் பலவற்றில் தீர்ப்பைவிடக் கருணைக்கு இடம் இருப்பதைக் காட்டிவிட்டேன். இரண்டாவதற்கு, ஒரு மரணத்துக்கு நோய், வலி, நிலைமை, வாய்ப்பு என்று பல காரணங்கள் சேர்கின்றன, எடுக்காத ஒரு போன் அழைப்பு அதற்கு முழுக் காரணம் ஆக முடியாது. போனவர்மேல் கோபம் வந்தால் வரட்டும். அவர்களுக்கு 'சுயநலம்' என்று கத்தத் தோன்றுவதும் துக்கத்தின் ஒரு பகுதி, அதைத் திருத்தப் போகாதீர்கள்.

கடைசியாக, உங்களைப் பற்றி. இரவு பகலாக ஒரே ஆளாக இதைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. நண்பரின் சம்மதத்தோடு இன்னும் இரண்டு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உரிமை பேசும் அந்த நண்பரையும்தான். அவரிடம் வாதத்தில் ஜெயிக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை மருத்துவரிடம் கூட்டிப்போக உன்னால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக முடியும் என்பார்.